அம்மாவின் மருதாணித் தொப்பிகள்

பச்சை மருதாணியை அம்மியில் அரைக்கும்போது எழும் வாடையை, மழையில் நனைந்த வைக்கோலின் வாடை என்று சொன்னால் பாதிதான் சரியாக வரும். எங்கள் வீட்டில் அதோடு இன்னொரு வாடையும் சேர்ந்தே இருக்கும். ஷூ கம்பெனியில் தோலோடு தோலை ஒட்டுகிற பசையின் வாடை அது. "சொல்யூஷன்" என்போம். மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மாவின் புடவையிலும் கூந்தலிலும் அது இருந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் பிசைந்து போட்ட ரசஞ்சோற்றிலும் கொஞ்சம் இருந்தது. மருதாணியும் சொல்யூஷனும் கலந்த அந்த வாடைதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையின் வாடை.

இப்போது நான் வேலூரில் ஒரு மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஓர் அலமாரி முழுக்கத் தோலுக்குப் பூசுகிற சாமான்கள். கற்றாழை, வேம்பு, மஞ்சள், குங்குமப்பூ, பப்பாளி என்று ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு செடியோ பழமோ பளபளவென்று படமாகச் சிரித்துக்கொண்டிருக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நேச்சுரல்தானே மேடம்?" என்று கேட்பார்கள். "அப்படித்தான் போட்டிருக்கு" என்பேன். கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை இதே கேள்வி, இதே பதில். அலுத்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்லது ஏதாவது தன் தோலில் பட வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அம்மாவின் கைகள் கண்முன் வந்து நிற்கின்றன. அதுதான் எனக்குத் தொந்தரவு.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தோல் மண்டியில் கட்டுகளை லாரியில் ஏற்றி இறக்குகிறவர். லாரி வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். ஆகவே வீடு ஓடியது அம்மாவின் கையால்தான். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை, கையாலேயேதான். அவள் ஷூ கம்பெனியில் "டேபிள்" வேலை பார்த்தாள். ஷூவின் மேல்பகுதிக்காக வெட்டிய தோல் துண்டுகள் அவர்களுடைய மேசைக்கு வரும். ஓரத்தில் சொல்யூஷனைத் தடவி, அது காய்ந்தும் காயாமலும் இருக்கும் பதத்தில் விரல் நுனியால் மடித்து, அழுத்தி, சுருக்கம் விழாமல் நீவிவிட வேண்டும். தடவுவதற்குப் பிரஷ் உண்டு. ஆனால் வளைவு வருகிற இடங்களில் பிரஷ்ஷோடு மல்லுக்கட்டினால் அன்றைய கணக்கு முடியாது என்பதால் எல்லாப் பெண்களும் விரலையே நம்பினார்கள்.

விரல் நுனிகள் முதலில் வறண்டு வெளுத்தன. பிறகு உரிந்தன. பிறகு பாலாற்று மணல் மேட்டில் காய்ந்த சேறு மாதிரி வெடித்தன. அம்மா டீ டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து ஏந்திக் குடிப்பாள். புளி கரைப்பதும் உப்புப் போடுவதும் என் வேலையாயின. அவளுடைய ஜாக்கெட் கொக்கிகளைக் காலையில் நான்தான் மாட்டிவிடுவேன். குழந்தைகளுக்கு அம்மாவின் கைபற்றி மெத்தென்று ஏதாவது ஞாபகம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு அவள் கன்னத்தைத் தடவினால் உப்புத்தாள் இழுத்த மாதிரி இருந்ததுதான் ஞாபகம். நான் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை. அவளே கையைப் புரட்டி, புறங்கையால் தடவப் பழகிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனாள். களிம்பு கொடுத்து, சொல்யூஷனில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். களிம்பு தீர்ந்துபோனது; சொன்ன சொல்லைக் கேட்டு நடக்க எங்களுக்கு வழியில்லை. அதனால் வீட்டில் இருந்தது, வேலியோரத்தில் முளைத்தது என்று ஒவ்வொன்றாக அவள் கையில் ஏற ஆரம்பித்தது. இன்றைக்கு என் பின்னால் டப்பா டப்பாவாக நிற்கிற அத்தனையும் அன்றைக்கு எங்கள் சமையல்கட்டில் கிண்ணம் கிண்ணமாக நின்றன என்று சொல்லலாம்.

பழி சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் தன்னால் ஆனதைச் செய்தது. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில், வெதுவெதுப்பாக இருக்கும்போது கையை வைத்துக்கொண்டால் அரிப்பு அடங்கும். தேங்காய் எண்ணெய் வெடிப்பின் விறைப்பைத் தளர்த்தும். சோற்றுக்கற்றாழையை நான் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய மேட்டிலிருந்து ஒடித்து வருவேன். மஞ்சளாக வடிகிற பாலை வடியவிட்டு, நாலைந்து தண்ணீரில் அலசி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் வழித்துப் பூசினால் அம்மாவின் முகமே குளிர்ந்து இறங்கும். குப்பைமேனித் தழையை உப்பு வைத்துக் கசக்கிப் பூசினால் சொறி போகும் என்று தெருவில் யாரோ சொன்னதைக் கேட்டு, சொறியே இல்லாத வெடித்த கையில் பூசி, அம்மா வீட்டைச் சுற்றி ஓடியதையும் சொல்லிவிட வேண்டும். ஆவாரம்பூவை மட்டும் அவள் கிட்டே சேர்க்கவில்லை. பூ தோலுக்கு மினுமினுப்புத் தரும், சூட்டைத் தணிக்கும் என்று அப்பா ஒரு துண்டு நிறையப் பறித்து வந்தார். எங்கள் ஊர்ப் பழைய தோல் ஷாப்புகளில் அதே ஆவாரஞ்செடியின் பட்டையைப் போட்டுத்தான் ஆட்டுத்தோலைப் பதம்போடுவார்கள். "தோல பதம்போடறத என் கையில போடச் சொல்றியே, என்னையும் ஷூ தச்சு அனுப்பப் போறியா?" என்று அம்மா கேட்டாள். அப்பா அந்தப் பூவைக் கொதிக்கவைத்துத் தானே குடித்துவிட்டார்.

மஞ்சள்தான் எங்களை மாட்டிவிட்டது. மஞ்சள் புண்ணை ஆற்றும், சீழ் கட்டவிடாது என்பதெல்லாம் உண்மை. அம்மா எண்ணெயில் குழைத்துத் தடவிக்கொண்டு படுத்து, காலையில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனாள். ஆனால் வெடிப்புக்குள் தங்கிய மஞ்சள் தங்கியபடி இருந்திருக்கிறது. அந்த வாரம் மேசைக்கு வந்தது வெள்ளைத் தோல். மடித்துக் கொடுத்த துண்டுகளில் ஒவ்வோர் ஓரத்திலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள். எல்லாம் "ரிஜெக்ட்" ஆகி மேசைக்கே திரும்பி வந்தன. மறுநாளிலிருந்து சூப்பர்வைசர் புதுப் பழக்கம் ஒன்று கொண்டுவந்தார். வேலைக்கு உட்காரும் முன் எல்லாரும் மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைக்க வேண்டும். எண்ணெய், களிம்பு, மஞ்சள், புண், எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால், "கை ஆறினதும் வாம்மா" என்று எழுப்பிவிடுவார். கேட்பதற்கு இரக்கமான வார்த்தைதான். ஆனால் கம்பெனி கேட்டுக்கு வெளியே எந்நேரமும் வேலை கேட்டுச் சில பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். கை ஆறித் திரும்பி வரும்போது ஸ்டூலில் அவர்களில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு அந்த ஸ்டூல் போனால் எங்களுக்கு அடுப்பு எரியாது. இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், அதனால் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

விரல் நுனியைப் பாதி மடக்கிக் காட்டி அம்மா சமாளித்துக்கொண்டிருந்த இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஜமீலா காலாவின் பெரிய மகளுக்கு நிக்காஹ் வந்தது. சின்னம்மாவைக் "காலா" என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்களும் அப்படியேதான் கூப்பிட்டோம். காலாவின் வீட்டுப் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு மருதாணிச் செடி உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் அரைத்து வைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக் கொடியும் பூவுமாக வரைந்தார்கள். அம்மா, "எனக்கு டிசைன்லாம் வேணாங்க, விரலுக்குத் தொப்பி போட்டுடுங்க போதும்" என்றாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். விரல் நுனி முழுவதையும் மூடி ஒரு தொப்பி, உள்ளங்கையில் வட்டமாக ஒரு நிலா. அவள் கையை மடியில் வாங்கிய காலா விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எலுமிச்ச ஊத்தாத விழுது எடுத்தாங்கடி, இவளுக்கு எரியும்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு விரலையும் குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல மூடினார்.

மறுநாள் காலை அம்மா பயந்துகொண்டேதான் கையை மேசையில் விரித்தாள். சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார், ஒரு தோல் துண்டை எடுத்து அவள் விரலில் தேய்த்துப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டார். செக்கச்செவேலென்று பிடித்திருந்த தொப்பிக்குள் வெடிப்பும் சிவப்பும் இருந்த இடமே தெரியவில்லை. சாயங்காலம் அம்மா சுவருக்கு மேலே எட்டி, "காலா, உங்க செடி என் வேலையக் காப்பாத்திடுச்சு!" என்று கத்திச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்துப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மத்தியானம் மருதாணி. இலையை உருவி வருவது என் வேலை. ஒரு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் டீத்தூள் தண்ணீரும் சேர்த்து நான்தான் அரைப்பேன், அம்மாவால் குழவியைப் பிடிக்க முடியாதே. மருதாணி சூட்டை இறக்கும், அரிப்பை மட்டுப்படுத்தும், நகச்சுத்தி வராது என்றெல்லாம் சொல்வார்கள். அவளுக்கும் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு அதன் முதல் பலன் அது மூடிக் காட்டியதுதான். தெருவில் அம்மாவுக்கு "ஷோக்குக்காரி" என்று பெயர் வந்தது. அதை அவள் மறுக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் மேசையில் இருந்த மற்றவர்களும் மருதாணி வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் அம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த மேரி அக்கா. பிறகு எதிர் வரிசை. "நம்ம ஒருத்தி கை மட்டும் தனியா தெரியக் கூடாதுன்னுதான் அவங்களும் வெச்சுக்கிறாங்க போல" என்று அம்மா அப்பாவிடம் சொல்லி நெகிழ்ந்துபோனாள். சூப்பர்வைசருக்கு மட்டும் சந்தேகம் வந்திருக்கிறது. "இன்னாம்மா, இந்த டேபிள்ல மட்டும் வாரா வாரம் கல்யாணமா?" என்று கேட்டாராம். "ஆமா சார், வாங்க, உங்களுக்கும் வெச்சுடறோம்" என்று மேரி அக்கா சொல்ல, மனிதர் சிரித்தபடி போய்விட்டாராம்.

ஒரு செடி எத்தனை கைக்குத்தான் இலை தரும்? கோடை வந்ததும் காலாவின் செடி வெறும் விளக்குமாறாக நின்றது. "கொஞ்ச நாள் வுடும்மா, அதுவும் மூச்சு வுடட்டும்" என்றார் காலா. அவர் சொன்னது நியாயம்தான். தெருத்தெருவாக நான் அலைந்து கொண்டுவந்தது ஒரு பிடிகூட இல்லை. அம்மாவின் தொப்பிகள் ஓரத்திலிருந்து வெளிறிக்கொண்டு வந்தன. திங்கட்கிழமை நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு வேலூருக்கு ஒரு லோடு கிடைத்தது. திரும்பி வரும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். லாங் பஜாரில் வாங்கியதாம். மேலே பச்சைப்பசேலென்று இலைப் படம், அதற்குக் கீழே முழுக்க முழுக்க இயற்கை என்று எழுத்து. அரைக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், தண்ணீரில் குழைத்தால் போதும், சீக்கிரமே கறுப்பாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பா அம்மாவுக்கென்று தேடி ஒன்றை வாங்கி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஞாயிறு மத்தியானம் அவரே ஒரு கிண்ணத்தில் குழைத்து, தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, அம்மாவின் பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டார். கோணல்மாணலாக இருந்தது. அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பச்சை இலையின் வாடை அதில் இல்லை. ஏதோ மருந்து வாடை அடித்தது. எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. நாங்கள் இருந்தது மருந்து வாடைக்கு நடுவில்தானே.

சாயங்காலம் கழுவும்போதே எரிகிறது என்றாள். காலையில் விரல்கள் பழுத்த மிளகாய் மாதிரிச் சிவந்து வீங்கி, தொப்பி இருந்த இடம் முழுக்கக் கொப்புளமாக நின்றது. அதில் என்ன கலந்திருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வெறும் மருதாணி இலை சிவப்பாகத்தான் பிடிக்கும், கறுப்பாகப் பிடிக்க வைக்கிறவர்கள் அதில் தலைச்சாய மருந்தைக் கலப்பதுண்டு, அது பலருக்குத் தோலைப் பொசுக்கிவிடும் என்று மருந்துக் கடைக்கு வந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அம்மா கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அப்பா வாசல்வரை வந்து, "போவாத" என்றார். "போவாம?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று மேசையில் நடந்தது மேரி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். துணியை அவிழ்க்கச் சொன்ன சூப்பர்வைசர் ஓர் அடி பின்னால் நகர்ந்திருக்கிறார். "ஐயோ, இன்னாம்மா இது! எழுந்திரு, கை ஆறினதும் வா" என்றாராம். அம்மா எழுந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அப்போது மேரி அக்கா தன் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, மருதாணிக் கறை மிச்சமிருந்த விரல் நுனியை இன்னொரு கையால் அழுத்திப் பிரித்துக் காட்டியிருக்கிறாள். உள்ளே ரத்தச் சிவப்பாக வெடிப்பு. "அப்ப நானும் எழுந்துக்கிறேன் சார்." எதிர் வரிசையில் இருந்தவளும் விரலைப் பிரித்தாள். அதற்கடுத்தவளும். அந்த மேசையில் இருந்த அத்தனை தொப்பிக்குள்ளும் இதுவேதான் இருந்திருக்கிறது. யாரும் அம்மாவுக்குத் துணையாக மருதாணி வைக்கவில்லை. தன் கை மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு, மற்றவர்களிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "அடிப்பாவிங்களா, உங்களுக்குமா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாளாம்.

சரக்கு அனுப்ப வேண்டிய வாரம் அது. சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "பேஜார் பண்றீங்களே" என்று முணுமுணுத்துவிட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். அம்மாவால் அன்று ஒரு துண்டைக்கூட மடிக்க முடியாது என்பதால் அவளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அவளுடைய ஸ்டூலின் மேல் மேரி அக்கா தன் துப்பட்டாவைப் போட்டுவைத்தாள். "வேற ஆள இதுல உக்கார வெச்சா, நாங்க எல்லாரும் கை ஆறுனப்புறம்தான் வருவோம்" என்று சொல்லிவிட்டாள். ஸ்டூல் காலியாகவே இருந்தது.

அம்மா வீட்டில் இருந்த அந்த நாட்களில் காலா தினமும் வந்து தேங்காய் எண்ணெய் மட்டும் தடவிவிட்டுப் போனார். அப்பா அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் ஜன்னல் மேடையிலேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்த இலைப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தார். அவரைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா ஒருநாள், "வுடுய்யா, நீ வாங்கியாந்த மருதாணி நல்லாத்தான் செவந்துச்சு" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொப்புளம் வற்றி, உரிய வேண்டியது உரிந்து, அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. ஒரு சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, புறங்கையால் அல்ல, உள்ளங்கையால் என் கன்னத்தைத் தடவினாள். உறுத்தவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்தத் தழையும் வேரும் செய்யாததை, வேலைக்குப் போகாமல் இருந்தது செய்திருந்தது.

பிறகு அவள் போனாள். வேறென்ன செய்வது? விரல்கள் மறுபடி வெளுத்தன, மறுபடி வெடித்தன. கையைக் காட்டச் சொல்வது மட்டும் நின்றுபோனது. சரக்கு வாங்குகிற வெளியூர்க்காரர்கள் பார்வையிட வருகிற நாட்களில் மட்டும் கையுறை கொடுப்பார்கள் என்று மேரி அக்கா கேலி செய்வாள். மேசையில் மருதாணி வைப்பது குறைந்துவிட்டது. மறைக்க வேண்டியது இல்லாதபோது அதை யார் மெனக்கெட்டு அரைப்பார்கள்? நான் படித்து, வேலைக்குப் போய், அம்மாவைக் கம்பெனியிலிருந்து நின்றுவிடச் சொல்லும்வரை அவள் அந்த ஸ்டூலில்தான் இருந்தாள்.

அப்பா போய்ச் சில வருஷங்களாகின்றன. காலாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை; செடி எப்போது போனது என்று கேட்க அங்கே ஆளில்லை. அம்மா என்னோடு வேலூரில் இருக்கிறாள். போன வாரம் ரேஷன் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். ரேகை எடுக்கிற மெஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். எடுக்கவில்லை. இன்னொரு விரல், அடுத்த கை, கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார் பில் போடுகிற பையன். ஒவ்வொன்றுக்கும் அது கீச்சென்று கத்தியது. அவன் அம்மாவின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரேகையே இல்லியே ஆயா! இன்னா தடவுறீங்க, கை இவ்ளோ மழமழன்னு இருக்கு?" என்று கேட்டான். வரிசையில் நின்ற பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா தன் விரல்களை யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஒண்ணும் தடவறதில்லப்பா. இப்ப வேலைக்குப் போறதில்ல" என்றாள்.

அட்டையில் என் பெயரும் இருந்ததால் நான் கையை நீட்டி மெஷினில் என் விரலை வைத்தேன். உடனே எடுத்துக்கொண்டது.